மறு: ‘வோட்டர் சப்ரஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘வாக்காளர் ஒடுக்குமுறை’ என்றே வைத்துக்கொள்ளலாமே? நாளிதழ்களில் ஏற்கெனவே வருகிறது.

குழு நண்பர்களுக்கு வணக்கம். உரிமை உள்ளவர்கள் வாக்களிப்பதைக் கடினமாக்கும் விதிகளை அமெரிக்காவில் ‘வோட்டர் சப்ரஷன்’ (voter suppression) என்கிறார்கள். அதற்கான தமிழ்ச் சொல்லைப் பற்றித்தான் பேசுகிறோம்.

வருகிறது என்பது உண்மைதான். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் ‘ஒடுக்குமுறை’ என்றதும் நம் வாசகர் மனத்தில் எழுவது தடியடியும் துப்பாக்கிச் சூடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2021 மார்ச் 25 அன்று ஆளுநர் பிரையன் கெம்ப் கையெழுத்திட்ட சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. அதில் இருந்தவை நாள் கணக்கும் அடிக் கணக்கும். தேர்தலுக்கு 180 நாள் முன்பிருந்தே தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது, 78 நாள் ஆனது. வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளும், வரிசையில் நிற்பவரிடமிருந்து 25 அடிக்குள்ளும் வெளியார் யாரும் வாக்காளருக்கு உணவோ தண்ணீரோ கொடுப்பது குற்றமானது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில் அட்லாண்டாவில் மக்கள் மணிக்கணக்காக நின்றதை நினைத்துக்கொண்டு இந்த விதியைப் படிக்க வேண்டும். யாரையும் யாரும் அடிக்கவில்லை. வாக்குச்சாவடிக்குப் போகும் வழி சிலருக்கு நீண்டுவிட்டது, அவ்வளவே. ஆனால் அந்த நீளம்தான் வழக்கின் உயிர். நம் சொல் அதைப் பிடிக்க வேண்டும்.

இலங்கை நண்பர் ‘வாக்குரிமைப் பறிப்பு’ என்று முன்மொழிந்தார். ஐயா, அந்தச் சொல்லை வேறெதற்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழர்களில் பெரும்பான்மையோரை வாக்காளர் பட்டியலிலிருந்தே நீக்கின. 1947 இல் வாக்களித்தவர்கள் 1952 இல் வாக்களிக்க முடியாமல் நின்றார்கள். அங்கே உரிமையே போய்விட்டது. ஜார்ஜியாவில் உரிமை ஏட்டில் அப்படியே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் முன்னதன் கொடுமை சிறுத்துப்போகும், பின்னதன் தன்மையும் விளங்காது.

‘வாக்கு முடக்கம்’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. கட்சிச் சின்னத்தை முடக்குகிறார்கள், வங்கிக் கணக்கை முடக்குகிறார்கள். முடங்கியது முழுவதுமாக நிற்கும்.

என் பரிந்துரை: வாக்காளர் மறிப்பு.

வழிமறித்தல் என்று சொல்லும்போது வழி இருக்கிறது, நடப்பவருக்கு அதில் உரிமை இருக்கிறது, குறுக்கே ஒன்று நிற்கிறது. மறிக்கப்பட்டவர் சுற்றிக்கொண்டு போய்ச் சேரலாம், தாமதமாகச் சேரலாம், சலித்து வீடு திரும்பலாம். மூன்றுமே அமெரிக்க வரலாற்றில் நடந்தவை. 1870 இல் வந்த 15 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வையும், வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரியையும் குறுக்கே வைத்தன. 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை எத்தனையோ கறுப்பின மக்களுக்கு அந்தத் திருத்தம் வெறும் ஏட்டு எழுத்து. சில மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று அச்சட்டம் வைத்த காவல், 2013 இல் உச்ச நீதிமன்றத்தின் ஷெல்பி கவுண்டி தீர்ப்பால் செயலிழந்தது. ஜார்ஜியாவும் அந்த மாநிலங்களில் ஒன்று.

> அடையாள அட்டை கேட்பது எப்படி மறிப்பு ஆகும்? நாமும்தானே காட்டுகிறோம்?

நியாயமான கேள்வி. ஜார்ஜியா சட்டம் தபால் வாக்குக்கும் அடையாளச் சான்று கேட்டதைத்தான் சொல்கிறீர்கள். நம் தேர்தல் ஆணையம் வாக்காளர் அட்டையைத் தானே வழங்குகிறது, பட்டியல் திருத்த வீடு தேடி ஆள் அனுப்புகிறது. அமெரிக்காவில் எல்லோருக்குமான தேசிய அடையாள அட்டை கிடையாது. பெரும்பாலோர் காட்டுவது ஓட்டுநர் உரிமம். கார் இல்லாத ஏழைக்கு அது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘தபால் வாக்கு’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். இங்கே அது சிலருக்கு மட்டுமான சலுகை, ஜார்ஜியாவில் காரணம் சொல்லாமலே எந்த வாக்காளரும் கேட்கலாம். மொழிபெயர்ப்பில் இதை ஒரு வரியில் விளக்காவிட்டால் வாசகருக்குச் சண்டையே புரியாது.

இன்னொன்று. ‘மறிப்பு’ நோக்கத்தைச் சுமக்கும் சொல், அது குற்றச்சாட்டு. சட்டத்தின் ஆதரவாளர்கள் அதைத் ‘தேர்தல் நேர்மை’ என்றார்கள். தபால் வாக்கை நேரில் போடும் வாக்குச் சேர்ப்புப் பெட்டிகளுக்கு முதன்முறையாகச் சட்டத்தில் இடம் கிடைத்தது என்றும், தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்கும் சனிக்கிழமை முன்வாக்களிப்பு கூடியது என்றும் வாதிட்டார்கள். இரண்டும் உண்மை. அந்தப் பெட்டிகளின் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் வரம்பு வந்ததும் உண்மை. எனவே செய்தியாளர் தம் குரலில் எழுதும்போது வாக்களிப்புக் கட்டுப்பாடு என்று எழுதட்டும். யார் குற்றம்சாட்டுகிறார் என்று சொல்லும் இடத்தில் ‘வாக்காளர் மறிப்பு’ வரட்டும். எனக்கு இது மறிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் என் தீர்ப்பைக் கலைச்சொல்லுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது.

இந்தச் சட்டம் பற்றி நிறுவனங்கள் கருத்துச் சொன்னதற்கு ‘பெருநிறுவன எதிர்ப்பு’ என்ற முன்மொழிவு வந்தது. நிகழ்ந்ததைப் பாருங்கள். டெல்டா விமான நிறுவனம் முதலில் மசோதா மேம்பட்டிருப்பதாகச் சொன்னது. கெனத் செனால்ட், கெனத் ஃப்ரேசியர் முன்னின்று 72 கறுப்பினத் தொழில்துறைத் தலைவர்கள் கடிதம் வெளியிட்ட மார்ச் 31 அன்றுதான் ‘ஏற்க முடியாது’ என்றது. கோகோ கோலாவும் அன்றே அப்படிச் சொன்னது. அன்று மாலையே ஜார்ஜியா கீழவை, டெல்டாவுக்குப் பயன்பட்ட விமான எரிபொருள் வரிச்சலுகையை நீக்க வாக்களித்தது. மேலவை அதை எடுக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் நிறம் மாறிய ஒன்றை ‘எதிர்ப்பு’ என்று எப்படி எழுதுவது? நிலையெடுப்பு என்கிறேன். ‘நிலைப்பாடு’ ஏற்கெனவே இருப்பது. நிலையெடுப்பு அழுத்தத்தின் கீழ் அந்த நேரத்தில் செய்வது.

இச்சட்டத்தை எதிர்த்து அமெரிக்க பேஸ்பால் லீக் ஏப்ரல் 2 அன்று தன் நட்சத்திர ஆட்டத்தை அட்லாண்டாவிலிருந்து விலக்கி, பின் டென்வருக்குக் கொண்டு சென்றதை மட்டும் தயவுசெய்து ‘புறக்கணிப்பு’ ஆக்க வேண்டாம். தமிழில் தேர்தலுக்கு அருகே அந்தச் சொல் வந்தால் மக்களே வாக்களிக்க மறுத்ததாகப் பொருள்படும். ‘ஆட்டத்தை இடம் மாற்றியது’ போதும்.

---

> யாழ்ப்பாணத்தில் ‘மறியல்’ என்றால் சிறைக்காவல். ‘விளக்கமறியல்’ கேள்விப்பட்டிருப்பீர்கள். வாக்காளரைச் சிறைவைத்தார்கள் என்று எம்மவர் நினைக்க மாட்டார்களா?

நல்ல வேளையாகச் சொன்னீர்கள், அம்மா. அதனால்தான் ‘மறிப்பு’, ‘மறியல்’ கூடாது. தலைப்பில் இடம் குறைவென்று யாராவது ‘வாக்கு மறியல்’ என்று சுருக்கிவிடக் கூடும் என்பது என் கவலை. சொற்பட்டியலில் அந்த வடிவத்தைத் ‘தவிர்க்க’ என்று குறித்து, காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். ‘வழிமறிப்பு’ யாழ்ப்பாணத்தில் எப்படிப் புரிந்துகொள்ளப்படும் என்று மட்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன்.