பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு 3 டன் ஜாக்கி தேவையா? கருவிப் பெட்டியில் எவை இருக்க வேண்டும்?

சாவிக்கொத்து:

1966-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறேன். கம்பிச் சக்கரங்கள், நடுவில் இரட்டைக் காது வைத்த பெரிய நட்டு. எஞ்சினைப் பிரித்து மாட்டும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் எண்ணெய் மாற்றுவது, பிரேக் வேலை, முன்சக்கரக் கிங்பின்களுக்கு (சக்கரம் திரும்பும் முளைகளுக்கு) கிரீஸ் அடிப்பது ஆகியவற்றை நானே செய்துகொள்ள விரும்புகிறேன். கையிலிருக்கும் பணத்துக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. 3 டன் எஃகு ட்ராலி ஜாக்கி (உருளைகள்மேல் நகரும் ஜாக்கி) ஒன்றையும், மில்லிமீட்டர், அங்குலம் இரண்டும் கலந்த ஒரு பெரிய கருவிப் பெட்டியையும் வாங்குவது ஒன்று. தாழ்வான 2 டன் அலுமினிய ஜாக்கியை வாங்கிவிட்டு, ஸ்பேனர்களைத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. எதைச் செய்வது நல்லது?

இரும்புக்கை:

முதல் வழியே சரி. எடை தூக்கும் கருவியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 3 டன் ஜாக்கியின் தலைத்தட்டு, அதாவது வண்டியைத் தொடும் தட்டு, அகலமாக இருக்கும், சட்டம் நீளமாக இருக்கும், வண்டியைத் தூக்கும்போது பக்கவாட்டில் ஆடாது. உங்கள் காரின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான் என்று சொல்லி 2 டன் போதும் என்பார்கள். கருவி தன் எல்லையை நெருங்காமல் வேலை செய்யும்போதுதான் அதன் ஆயுள் நீளும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கருவிகளும் அப்படித்தான். தனித்தனியாக வாங்கினால் இரண்டு மடங்கு செலவாகும், அவசரத்துக்குத் தேவைப்படும் அளவு மட்டும் கையில் இருக்காது.

தாழ்தளம்:

இரும்புக்கை அவர்கள் சொல்லும் எல்லைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தை மட்டும் தூக்கும்போது ஜாக்கியின் மேல் வருவது வண்டியின் எடையில் ஏறத்தாழ பாதி, அதாவது 500 கிலோ அளவு. 2 டன் ஜாக்கிக்கு அது நான்கில் ஒரு பங்கு. ஆகவே டன் இங்கே பேச வேண்டிய எண்ணே அல்ல. பேச வேண்டியது, ஜாக்கியை முழுவதும் இறக்கியபின் அதன் தலைத்தட்டு தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்பது. சாதாரண 3 டன் ஜாக்கிகள் பெரும்பாலும் 130 மி.மீ.க்கு மேல் நிற்கும். எம்ஜிபியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி புதிதாக இருந்தபோதே ஏறத்தாழ 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. தான், ஸ்பிரிங்குகள் தளர்ந்துபோன பழைய வண்டியில் அது இன்னும் குறைந்திருக்கும். தாழ்வான வகை ஜாக்கிகள் 75 முதல் 90 மி.மீ.க்குள் அடங்கிவிடும். வண்டிக்குக் கீழே நுழையாத ஜாக்கி எத்தனை டன் தூக்கினால் என்ன?

இரும்புக்கை:

சக்கரங்களுக்கு அடியில் 40 மி.மீ. பலகையைப் போட்டு வண்டியை அதன்மேல் ஏற்றிவிட்டால் நுழையும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். தாழ்வான ஜாக்கியின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராத எண் ஒன்று இருக்கிறது: அது எவ்வளவு உயரம் வரை தூக்கும் என்பது. பல தாழ்வான ஜாக்கிகள் 350 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுகின்றன. தூக்கிய வண்டியைத் தாங்க அடியில் வைக்கும் ஸ்டாண்டின் மிகக் குறைந்த உயரமே 280 மி.மீ. சுற்றி இருக்கும்போது, ஸ்பிரிங் நீண்டு சக்கரம் தொங்குவதையும் கழித்துப் பார்த்தால், ஸ்டாண்டை உள்ளே தள்ள இடம் மிஞ்சாது. பிறகு ஜாக்கிக்கு மேலே மரக்கட்டை, அதற்கு மேலே இன்னொரு கட்டை என்று அடுக்கத் தொடங்குவீர்கள்; அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

தாழ்தளம்:

அடுக்குக் கட்டை பற்றிச் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆகவேதான் குறைந்த உயரம், கூடிய உயரம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, 90 மி.மீ.க்குக் கீழே தொடங்கி 450 மி.மீ.க்கு மேல் எட்டும் நீளக்கை ஜாக்கியைத் தேட வேண்டும் என்கிறேன். அது 2 டன்னிலும் கிடைக்கிறது. பலகை மேல் ஏற்றுவது எண்ணெய் மாற்றும் நாளில் சரி. வழியில் காற்றுப் போய்த் தரையோடு படுத்துவிட்ட சக்கரத்தைப் பலகைமேல் எப்படி ஏற்றுவது?

அச்சுத்தண்டு:

இருவரும் ஜாக்கியைப் பற்றியே பேசுகிறீர்கள். அது எந்த இடத்தைத் தொடப்போகிறது என்பதை யாரும் கேட்கவில்லை. பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஜாக்கி சறுக்கி ஏற்பட்ட சேதத்தைவிட, ஜாக்கி நேராக நின்று தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனதால் ஏற்பட்ட சேதத்தையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

எம்ஜிபிக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். தொழிற்சாலை கொடுத்த ஜாக்கி கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்ற தகட்டுப் பகுதியில் உள்ள தாங்கியில் பொருந்தி, ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத் தூக்கும். அரை நூற்றாண்டு கடந்த பிறகு அந்த இடம் வெளியே வண்ணத்தோடு பளபளப்பாகவும் உள்ளே துருவாகவும் இருக்கலாம். திருப்புளியின் கைப்பிடியால் சில்லை நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடத்தில் ஓசை மழுங்கும், சில நேரம் உள்ளேயிருந்து துருத்தூள் சலசலவென்று கொட்டுவதும் கேட்கும். அப்படிக் கேட்டால் அந்தப் பக்கம் ஜாக்கியைக் கொண்டுபோக வேண்டாம். முன்பக்கத்துக்குக் குறுக்குச் சட்டத்தின் நடுப்பகுதி, பின்பக்கத்துக்கு அச்சு, இவைதான் பாதுகாப்பான இடங்கள். எண்ணெய்த் தொட்டி, கியர்பெட்டி, தரைத்தகடு மூன்றும் தூக்குவதற்கானவை அல்ல.

இந்த விதி வண்டிக்கு வண்டி மாறும். ட்ரையம்ஃப் டிஆர்6 காருக்குத் தனிச் சட்டம் உண்டு. ஆனால் அதன் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு ஆற்றலைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரக் கூடு) அந்தச் சட்டத்தில் தொங்குகிறது, அதைத் தாங்கும் பிடிகள் விரிசல் விடுவதற்குப் பெயர்போனவை. எம்ஜிபியில் பின்னச்சைத் தூக்குவதுபோல அங்கே டிஃபரன்ஷியலின் அடியில் ஜாக்கி வைத்தால் பிடிகளுக்கு நீங்களே நாள் குறிக்கிறீர்கள். லோட்டஸ் எலானின் உடல் கண்ணாடி இழை, அதன் நடுவே முதுகெலும்புபோல ஓடும் எஃகுச் சட்டம்தான் எடையைத் தாங்கும். பழைய போர்ஷே 911-இல் பக்கத்துக்கு ஒரு ஜாக்கிக் குழாய் மட்டுமே உண்டு, துரு முதலில் குடியேறும் இடங்களில் அதுவும் ஒன்று. இவற்றுக்கெல்லாம் 3 டன், 2 டன் என்று ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

தாழ்தளம்:

ஒரு திருத்தம். எம்ஜிபியின் பின்னச்சு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் புதியவர் எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடுவார். பிரேக் திரவம் இரு பக்கமும் பிரியும் மூவழி இணைப்பு அந்த அச்சின் மேல்தான் இருக்கிறது. அங்கிருந்து குழாய்கள் அச்சுக் குழலை ஒட்டி இரு பக்கமும் ஓடுகின்றன. கைபிரேக் கம்பியின் இணைப்பும் அங்கேயே. ஜாக்கியை டிஃபரன்ஷியல் கூட்டின் அடியில் நடுவாக வைத்துத் தூக்கி, ஸ்டாண்டுகளை அச்சுக் குழலின் அடியில், லீஃப் ஸ்பிரிங்கை ஒட்டி, குழாய் நசுங்காதபடி கண்ணால் பார்த்து வைக்க வேண்டும்.

அச்சுத்தண்டு:

திருத்தத்தை ஏற்கிறேன். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கும் ஒன்று: அதன் பின்பக்கத்தைத் தூக்கும்போது இரண்டு சக்கரங்களும் உள்நோக்கி மடங்கித் தொங்கும், இறக்கிய பிறகும் அப்படியே குறுகி நிற்கும், ஏதோ முறிந்துவிட்டது என்று பதற வேண்டாம். சற்று முன்னும் பின்னும் உருட்டினால் தன் நிலைக்கு வந்துவிடும்.

இரும்புக்கை:

ஸ்டாண்டு என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். ஜாக்கியில் பணத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் நீங்கள் ஸ்டாண்டிலும் அதையே சொல்வீர்களா? 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. சுமையோடு நிற்கும்போது பல்லைப் பிடிக்கும் கொக்கி நழுவக்கூடும் என்பது காரணம். மாற்றாகக் கொடுத்தவற்றில் ஒரு வகையைப் பற்றவைப்புக் குறைக்காக மறுபடியும் திரும்பப் பெற்றார்கள். தடித்ததை வாங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தாழ்தளம்:

உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. நழுவியவை 3 டன், 6 டன் என்று முத்திரை குத்தியவைதானே? அங்கே தவறியது சுமையின் அளவு அல்ல, கொக்கியின் அமைப்பு. ஊசிபோட்டு நிறுத்தும் ஸ்டாண்டில் அந்த வகைப் பழுது வர வழியே இல்லை. துளைக்குள் தடித்த எஃகு ஊசி குறுக்கே போய்விட்டால் அது முறிந்தால்தான் ஸ்டாண்டு இறங்கும். உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் மாற்ற முடியாது என்பது மட்டும்தான் குறை. ஜாக்கி எதுவானாலும், அதன் எண்ணெய் அடைப்பான் எப்போது கசியும் என்று யாராலும் சொல்ல முடியாது; ஆகவே ஸ்டாண்டு நிற்காத வண்டிக்குள் கையைக்கூட நுழைக்கக் கூடாது. ஜாக்கிக்கு எண்ணெய் குறைந்தால் பிரேக் திரவத்தை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ரப்பர் அடைப்பான்களைக் கெடுத்துவிடும்.

மரைக்கணக்கு:

கருவிப் பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேள்வியில் பாதி அதுதான். கலவைப் பெட்டியை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. எம்ஜிபியின் பெரும்பாலான போல்ட்டுகள் யுஎன்எஃப் என்ற அங்குல அளவு மரை கொண்டவை. அவற்றுக்குரிய ஸ்பேனர், போல்ட்டுத் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை அங்குலத்தில் குறிப்பது. 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 ஆகிய ஐந்தும் இருந்தால் நீங்கள் சொன்ன வேலைகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ.; அதில் 13 மி.மீ. ஸ்பேனர் 0.3 மி.மீ. ஆட்டத்தோடு உட்காரும், இறுகிப்போன போல்ட்டில் அந்த ஆட்டமே தலையின் மூலைகளை மழுக்கிவிடும். 7/16 என்பது 11.1 மி.மீ.; அதற்கு 11 ஏறாது, 12 சுற்றும். சாக்கெட்டுகளில் பன்னிரண்டு முனை கொண்டதை விட்டு ஆறு முனை கொண்டதை எடுங்கள்.

இதைவிடப் பழைய வண்டிகளுக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுமுறை ஸ்பேனர் தேவைப்படும். அதில் பொறித்திருப்பது தலையின் அளவு அல்ல, போல்ட்டுத் தண்டின் அளவு. 1/4 விட்வொர்த் ஸ்பேனரின் வாய் உண்மையில் 0.525 அங்குலம். எம்ஜி டிடி, டிஎஃப் கார்களின் எக்ஸ்பிஏஜி எஞ்சினில் மரை மெட்ரிக், தலையோ விட்வொர்த். டாட்சன் 240இசட் போன்ற ஜப்பானிய வண்டிகளில் கூட்டல்குறித் திருகுகள் பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும், ஜப்பானியத் தரத்துக்கு வெட்டிய திருப்புளியைப் போட்டால்தான் கார்புரேட்டர் திருகு சேதமில்லாமல் கழலும்.

இரும்புக்கை:

இது புத்தகத்தில் சரி. ஆனால் 1966-இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த வண்டி இத்தனை கைகள் மாறியபின் அதில் மெட்ரிக் போல்ட்டு ஒன்றுகூட இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? முந்தைய உரிமையாளர்கள் அருகில் கிடைத்ததைப் போட்டு முடுக்கியிருப்பார்கள். பாதி வேலையில் 13 மி.மீ. தலை ஒன்று எதிர்ப்பட்டால், அப்போது உங்கள் ஐந்து ஸ்பேனர் என்ன செய்யும்? கலவைப் பெட்டி அதற்குத்தான்.

மரைக்கணக்கு:

நியாயமான கேள்வி. அப்படிப் போடப்பட்ட போல்ட்டைக் கண்டால் அதற்கு ஸ்பேனர் தேடுவதைவிட, வெர்னியரால் தண்டையும் மரைமானியால் மரையையும் அளந்து, உரிய போல்ட்டை வாங்கி மாற்றிவிடுவதே முறை. தவறான மரையை முடுக்கி ஏற்றியிருந்தால் துளையின் மரையே போயிருக்கும், அதை எவ்வளவு விரைவில் தெரிந்துகொள்கிறீர்களோ அவ்வளவு நல்லது. கழற்றுவதற்காக 10, 13, 17 என மூன்று மெட்ரிக் அளவுகளை வைத்திருங்கள், அதற்கு மேல் சண்டையில்லை. பிரேக் குழாய் நட்டுக்கு மட்டும் வாய்திறந்த சாதாரண ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஒரு பக்கம் வெட்டிய ரிங் ஸ்பேனர் தனியாக விற்கிறது, அது நட்டின் ஆறு மூலைகளில் ஐந்தைப் பிடிக்கும்.

அச்சுத்தண்டு:

கம்பிச் சக்கரத்துக்கு எந்தப் பெட்டியிலும் கருவி இருக்காது. செம்பு அல்லது ஈயத் தலை வைத்த கனமான சுத்தியல் வேண்டும். ரப்பர் சுத்தியலால் அடித்தால் துள்ளுமே தவிர முடுக்காது, இரும்புச் சுத்தியல் காதைச் சிதைத்துவிடும். இடப்பக்கச் சக்கரத்தின் நட்டு வழக்கமான மரை, வலப்பக்கத்தது எதிர்மரை; கழற்றும் திசை அதன்மேலேயே பொறித்திருக்கும். முடுக்கிய பின் சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் அடித்துப் பாருங்கள். கம்பியில்லாத தட்டுச் சக்கரம் போட்ட எம்ஜிபிக்கு நட்டின் முடுக்கம் 60 முதல் 65 பவுண்டு-அடி, அதாவது 81 முதல் 88 நியூட்டன் மீட்டர். பழைய 911-இன் அலாய் சக்கரத்துக்கோ 130 நியூட்டன் மீட்டர். கைக்குத் தெரியும் என்று சொல்பவரிடம் இந்த இரண்டு வண்டிகளையும் கொடுத்துப் பார்க்கலாம். சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது இறுதியாக முடுக்காமல், சக்கரம் தரையில் எடையோடு நிற்கும்போது முடுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழிந்துவிடும்.

சாவிக்கொத்து:

எல்லாருக்கும் நன்றி. ஊசி வகை ஸ்டாண்டு நான்கு, அங்குல ஸ்பேனரும் ஆறுமுனை சாக்கெட்டும், செம்புச் சுத்தியல், முடுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் என்று முடிவு செய்துவிட்டேன். ஜாக்கியில் மட்டும் 2 டன் நீளக்கைப் பக்கம் சாய்கிறேன். நிறுத்தும் இடத்தில் பாதி சிமெண்ட்டுத் தரை, பாதி சரளைக்கல். சரளையின் மேல் வைத்துத் தூக்கலாமா?

தாழ்தளம்:

கூடாது. ட்ராலி ஜாக்கியின் கை மேலே எழும்போது தலைத்தட்டு நேராகச் செல்லாமல் வளைவாகச் செல்கிறது. அந்த வளைவுக்கு ஈடுகொடுத்து ஜாக்கி வண்டிக்கடியில் உருண்டாக வேண்டும். சரளையில் அதன் சிறு உருளைகள் புதைந்து நின்றுவிடும். அப்போது ஜாக்கி உருள்வதற்குப் பதிலாகத் தலைத்தட்டு வண்டியை இழுக்கும், அல்லது வைத்த இடத்திலிருந்து வழுகும். சிமெண்ட்டுத் தரைக்கே வண்டியைக் கொண்டுவாருங்கள். பின்பக்கத்தைத் தூக்கும்போது கைபிரேக் பிடிக்கும் சக்கரங்கள் காற்றில் நிற்கும் என்பதால் முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள்.

இரும்புக்கை:

அந்த உருளைகள் 3 டன் ஜாக்கியில் பெரிதாக இருக்கும் என்பதையும் வாங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.