இரண்டாவது சப்வூஃபர் வந்தபின் அறையில் மாறியவை

இரண்டாவது சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்) வாங்குவோரில் பலர் சத்தம் போதாமல்தான் வாங்குகிறார்கள். என்னிடமிருந்த 12 அங்குல சப்வூஃபரில் சத்தத்துக்குக் குறைவில்லை. இருக்கைக்கு இருக்கை அது வேறு வேறாகக் கேட்டதுதான் தொல்லை. அறையின் நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர். முன்சுவரின் நடுவில் சப்வூஃபரும், நீளவாக்கில் ஏறத்தாழ நடுப்பகுதியில் சோபாவும் இருந்தன. சின்தசைசரில் பேஸ் சுரங்கள் படிப்படியாகக் கீழே இறங்கும் இடங்களில், சோபாவில் அமர்ந்தவருக்குக் கடைசி இரண்டு மூன்று சுரங்கள் சட்டென்று மெலிந்துவிடும். எழுந்து பின்சுவரோரம் போய் நின்றால், காணாமற்போன அதே சுரங்கள் காதை அடைக்கும்.

காரணம் எளிய கணக்கில் அடங்கியது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. அதை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 34 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்த அதிர்வெண்ணில் ஒலி சுவர்களுக்கிடையே எதிரொலித்து வலுப்பெறும் ஒத்ததிர்வு எழுகிறது; அப்போது முன்சுவரிலும் பின்சுவரிலும் ஒலியழுத்தம் உச்சத்தில் நிற்க, நட்டநடுவில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சுவதில்லை. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற ஒலி அளவீட்டு மென்பொருளையும் அளவீட்டு மைக்கையும் கொண்டு அளந்தபோது, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒலி அளவைக் காட்டும் சோபாவுக்கான வரைகோட்டில் பள்ளம் அந்த இடத்திலேயே விழுந்திருந்தது. அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைக் கொண்டு மேட்டை வெட்டலாமே தவிர, இத்தகைய பள்ளத்தை நிரப்ப முடியாது. ஏற்ற ஏற்ற ஆம்ப்ளிஃபயர் திணறும், பின்சுவர் இன்னும் முழங்கும், சோபாவில் மாற்றமே தெரியாது. அங்கே தேவைப்படுவது வேறோர் இடத்திலிருந்து புறப்படும் ஒலி.

ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்டி இதைச் செவ்வக அறைகளுக்குக் கணக்கிட்டு 2002இல் வெளியிட்டார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு, அல்லது நான்கு சுவர்களின் நடுவிலோ நான்கு மூலைகளிலோ நான்கு என்பவை அவர் கண்ட நல்ல அமைப்புகள். நான்குக்கு மேல் எண்ணிக்கையைக் கூட்டுவதால் குறிப்பிடத்தக்க ஆதாயம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டு, புதியதைப் பின்சுவரின் நடுவில் வைத்தேன். 34 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வில் ஒரு சுவரோரம் அழுத்தம் ஏறும்போது எதிர்ச்சுவரோரம் இறங்க வேண்டும். இரு சப்வூஃபர்களும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் தள்ளுவதால் அந்த ஒத்ததிர்வு எழவே இடமில்லாமல் போகிறது. அகலத்துக்குரிய 43 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வோ, இரண்டும் சுவரின் நடுவில் இருப்பதால் பெரிதாகத் தூண்டப்படுவதில்லை. நீளத்துக்குரிய அடுத்த ஒத்ததிர்வான 68 ஹெர்ட்ஸில் மட்டும் சோபாவில் ஒரு மேடு எஞ்சியது. அதை ஈக்வலைசர் பார்த்துக்கொண்டது.

தேர்வைப் பொறுத்தவரை, ஒரே மாடலில் இரண்டு என்பதே என் கட்சி. நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த போர்ட் (காற்றுக்குழாய்த் திறப்பு) வைத்த பெட்டியுடன் மூடிய பெட்டி ஒன்றைச் சேர்த்திருந்தார். தனித்தனியே அளந்தால் இரண்டும் நன்றாகவே இருந்தன. சேர்த்து ஒலிக்கவிட்டால் 20 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் போர்ட் பெட்டி தனியாகத் தந்த அளவைக் காட்டிலும் குறைவாகவே வந்தது. போர்ட்டின் இசைவு அதிர்வெண்ணை (அது ஒத்ததிரும் அதிர்வெண்ணை) ஒட்டியும் அதற்குக் கீழும் அந்தப் பெட்டியின் ஃபேஸ் (அலையின் ஏற்ற இறக்க நிலை) வேகமாகத் திரும்புகிறது, மூடிய பெட்டியில் அப்படித் திரும்புவதில்லை. ஆகவே ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. பல சப்வூஃபர்களை ஒத்திசைக்கும் மல்டி சப் ஆப்டிமைசர் போன்ற இலவச மென்பொருளும், ஒவ்வொரு சப்வூஃபருக்கும் தனித்தனி வடிகட்டி போடக்கூடிய டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலிச் செயலாக்க) கருவியும் இருந்தால் இதைப் பெருமளவு சரிசெய்யலாம். இருப்பினும், கைவசம் இருப்பதோடு எதையோ ஒன்றைச் சேர்ப்பதைவிட, இருப்பதை விற்றுவிட்டு நடுத்தர அளவில் ஒரே மாதிரி இரண்டு வாங்குவது பல அறைகளில் குறைந்த தலைவலி.

டிலே (ஒலியைத் தாமதப்படுத்தும் அளவு) அமைப்பதில்தான் எனக்கு அதிக நேரம் போயிற்று. சோபா சரியாக நடுவில் இல்லாததால், பின்னாலிருக்கும் சப்வூஃபர் 1 மீட்டர் அருகில் இருப்பதாகக் கண்ட ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் கருவி), தானியங்கி அளவீட்டில் அதற்குச் சுமார் 3 மில்லிநொடி தாமதம் கொடுத்தது. ஒலி ஒரே நேரத்தில் காதுக்கு வர வேண்டும் என்று பார்த்தால் அது சரியே. ஆனால் 34 ஹெர்ட்ஸில் 3 மில்லிநொடி என்பது ஏறத்தாழ 37 பாகை ஃபேஸ் வேறுபாடு. இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளினால்தான் ஒத்ததிர்வு அடங்கும் என்ற அடிப்படையே அதனால் தளர்கிறது. பின்சுவரோர நாற்காலியில் முழக்கம் ஓரளவு திரும்பியது, வரைகோட்டிலும் தெரிந்தது. ஒரே இருக்கை மட்டும் முக்கியமென்றால் ரிசீவரின் கணக்கே போதும். பலர் அமரும் அறையென்பதால் நான் ரிசீவரில் இரண்டுக்கும் ஒரே தூர அளவையும் (அதாவது ஒரே தாமதத்தையும்) ஒரே கெயினையும் (ஒலிப்பெருக்க அளவையும்) கொடுத்தேன்.

இரண்டும் சேர்ந்தால் 6 டெசிபெல் கூடும் என்று சொல்வார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது பொருந்தும். எதிரெதிரே வைத்தால், ஒத்ததிர்வுகளை அடக்குவதற்கென்றே ஒரு பங்கு செலவாகிவிடுகிறது.

முதன்மை ஸ்பீக்கர்களோடு இணைப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. சப்வூஃபர்களில் உள்ள, மேல் அதிர்வெண்களை வெட்டும் லோ-பாஸ் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிட்டு, கிராஸ்ஓவரை (சப்வூஃபருக்கும் ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரிக்கும் அதிர்வெண்ணை) ரிசீவரிலேயே 80 ஹெர்ட்ஸில் வைத்தேன்; பிறகு இரு சப்வூஃபர்களின் தூர அளவையும் சேர்த்தே சிறிது சிறிதாக மாற்றி, 80 ஹெர்ட்ஸை ஒட்டி வரைகோட்டில் பள்ளம் மறையும் இடத்தில் நிறுத்தினேன். ஒன்றை மட்டும் நகர்த்தினால் முன்னே செய்த வேலை கலைந்துவிடும்.