ஒயின் ஜாடி உஸ்ஸுன்னு சத்தம் போடுது, நாளன்னைக்கு ராத்திரி எட்டு பேர் வர்றாங்க, அவசரம்

குன்னூர்ப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர்லதான் இங்க வந்தோம், இது எங்களுக்கு முதல் குளிர்காலம். ஊர்ல அம்மா வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு திராட்சை ஒயின் போடுவாங்க, பீங்கான் ஜாடில ஊத்தி வாய்ல வேட்டித்துணி கட்டி வச்சிடுவாங்க. அதே மாதிரி நானும் ரெண்டு கிலோ கருப்பு திராட்சை, ரெண்டு கிலோ சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு கண்ணாடி ஜாடில வச்சேன். வீடு பூரா வாசனை வருதுன்னு வீட்டுக்காரர் சொன்னார், சரின்னு கிளிப் மூடியை இறுக்கிட்டேன். இப்ப ஓரத்துல நுரை கசியுது, உஸ்ஸுன்னு சத்தம் வேற, கிட்ட போகவே பயமா இருக்கு. 24 ராத்திரி எட்டு பேரை சாப்பிட கூப்பிட்டிருக்கோம், அவங்களுக்கு குடிக்க என்ன குடுக்கறது? அம்மாகிட்ட கேட்டா முதல்ல துணி கட்டுனியான்னுதான் கேப்பாங்க, அதான் போன் பண்ணல. யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

கோத்தகிரிக்காரன், கொலோன்:
தங்கச்சி, முதல் வருசமே ஒயின் போடற வேலையெல்லாம் வேண்டாம்மா. நான் 2016ல ஜெர்மனிக்கு வந்தப்ப நாலரைக்கெல்லாம் இருட்டிடும், வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்தா பேச ஆளே கிடையாது, ஞாயித்துக்கிழமை கடையும் பூட்டியிருக்கும், மூணு மாசம் பிரெட்டும் முட்டையும்தான். அந்த டிசம்பர்ல கூட வேலை பாத்தவர் ஒருத்தர் கிறிஸ்துமஸ் சந்தைக்கு கூட்டிட்டு போய் க்ளூவைன், அதான் மசாலா போட்டு சூடு பண்ண ஒயின், வாங்கிக் குடுத்தார், சூடான கப்பை ரெண்டு கையால பிடிச்சப்பதான் இங்க இருந்துக்கலாம்னே தோணுச்சு. கடையில சாதா ரெட் ஒயின் வாங்கி பட்டை, கிராம்பு, ஆரஞ்சு வில்லை, கொஞ்சம் சர்க்கரை போட்டு சூடு பண்ணுங்க. கொதிக்க மட்டும் விடாதீங்க, ஆல்கஹால் 78 டிகிரியிலயே கொதிச்சுப் போயிடும்.

கோடை ஆன்ட்டி:
ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ சர்க்கரை ஜாஸ்திம்மா. நாங்க கொடைக்கானல் மூஞ்சிக்கல்ல, கம்பத்துல இருந்து வர்ற பன்னீர் திராட்சைலதான் போடுவோம், சர்க்கரை முக்கால் கிலோ, தினமும் மரக்கரண்டியால ஒரு தடவை கிண்டணும், 21 நாள் கழிச்சு வடிகட்டி அப்புறம் தெளிய விடணும். கோதுமை போடறது எனக்குப் பிடிக்காது, கலங்கலா இருக்கும்.

கோத்தகிரிக்காரன், கொலோன்:
கோதுமை போட்டாதான் ஆன்ட்டி ஒயினுக்கு ஒரு கனம் வரும். எங்க பாட்டி 40 நாள் வைப்பாங்க.

குவைத் ரிட்டர்ன்:
எந்த நாடுன்னு முதல்ல சொல்லும்மா. குவைத், சவுதின்னா வீட்ல ஒயின் போடறதே குற்றம், வேலை போறதோட நிக்காது. நான் 11 வருசம் குவைத்ல இருந்தேன், கிறிஸ்துமஸுக்கு சர்க்கரையைக் கருக்கி பாகு காய்ச்சி, இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் சேர்த்து ஜிஞ்சர் ஒயின்தான், அதுல ஆல்கஹாலே கிடையாது. முதல் டிசம்பர் அதைக்கூட ரூம்ல தனியாத்தான் குடிச்சேன்.

அருவங்காடு தம்பி:
வெளிநாட்டுல யாரும் சொல்லாம வீட்டுக்கு வர மாட்டாங்க, அதுவே பெரிய கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியவே எனக்கு எட்டு மாசம் ஆச்சு. இருட்டு வேற, ஆபீஸ் போறப்பவும் இருட்டு வர்றப்பவும் இருட்டு.

குவைத் ரிட்டர்ன்:
ஊர் மட்டும் என்ன வாழுது தம்பி. 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டில வர இ-பாஸ் வேணும், அப்படியும் டிசம்பர் லீவுல குன்னூர் மலைப்பாதைல பர்லியார்ல இருந்தே வண்டி நகர மாட்டேங்குது. பச்சைத் தேயிலைக்கு கட்டுபடியாகற விலையும் கிடைக்கல. காலைல உறைபனி மட்டும் அப்படியே இருக்கு.

கோடை ஆன்ட்டி:
இங்கயும் அதேதான், லேக் ரோட்டுல நடக்க முடியல.

லவ்டேல் அக்கா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க, அந்தப் பொண்ணு ஜாடி வெடிக்குமோன்னு பயந்து உக்காந்திருக்கு. கண்ணு, அந்த ஜாடிக்குள்ள ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு கார்பன் டை ஆக்சைடு விட்டுகிட்டே இருக்கு, வெளிய போக வழி இல்லன்னா கண்ணாடி தாங்காது. அதைக் குலுக்காத, ஃப்ரிட்ஜுக்கு தூக்கிட்டும் போகாத. கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு கனமான க்ளவுஸ் போட்டுக்கோ, பெரிய டவலை நனைச்சு ஜாடி மேல ரெண்டு சுத்து சுத்து, முகத்தைத் தள்ளி வச்சுகிட்டு டவலுக்குள்ளயே கையை விட்டு கிளிப்பை மெதுவா தளர்த்து. நுரை பொங்கி வழியும், வழியட்டும். காத்து போனதும் பாதியை இன்னொரு பாத்திரத்துக்கு மாத்து, ஜாடி முக்காலுக்கு மேல நிறையவே கூடாது. ரெண்டுக்கும் துணி கட்டு. எந்த ஊரு, போட்டு எத்தனை நாள் ஆச்சு, வர்றவங்க யாரு, இது மூணையும் சொல்லு.

குன்னூர்ப் பொண்ணு:
அக்கா திறந்துட்டேன், ஜாடி உடையல, தரையெல்லாம் வழிஞ்சுது ஆனா பரவால்ல. ரொம்ப நன்றிக்கா, கை இன்னும் நடுங்குது. நாங்க ஸ்வீடன்ல கோதன்பர்க்ல இருக்கோம். போட்டு 9 நாள் ஆச்சு. வர்றவங்கள்ல ரெண்டு சின்னப் பிள்ளைங்க, ஒருத்தங்க மாசமா இருக்காங்க. இதையே வடிகட்டி குடுத்துடலாமா?

கோத்தகிரிக்காரன், கொலோன்:
குடுக்கலாமே. இங்க செப்டம்பர், அக்டோபர்ல பாதி புளிச்ச திராட்சைச் சாறை ஃபெடர்வைசர்னு விக்கிறாங்க, புளிச்சுகிட்டே இருக்கும்னு அந்த பாட்டில் மூடியை இறுக்கவே மாட்டாங்க, நிக்க வச்சுதான் தூக்கிட்டு வரணும்.

லவ்டேல் அக்கா:
வேண்டாம் தம்பி, ஈஸ்ட் அப்படியே மிதக்கும், விருந்து சாப்பாட்டோட குடிச்சா வயிறு ஊதிக்கும். மாசமா இருக்கறவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் கண்டிப்பா கூடாது. கண்ணு, ஸ்வீடன்ல வீட்டுக்குன்னு ஒயின் போட்டுக்கலாம், விக்கத்தான் கூடாது, அதனால ஜாடியைக் கொட்டிடாத. ஒரு விசயம், அம்மா சொல்ற நாள் கணக்கு நம்ம குன்னூர் குளிருக்கு. அங்க ஹீட்டர் ஓடற வீட்ல வேகமா புளிக்கும், அதான் இப்படிப் பொங்குச்சு. நாளைப் பாக்காத, குமிழைப் பாரு. குமிழ் சுத்தமா அடங்கினப்புறம்தான் வடிகட்டணும், அதுவரைக்கும் தினமும் கிண்டி தோலை உள்ள அமுக்கணும், இல்லன்னா மேல பூஞ்சணம் பிடிக்கும். வடிகட்டி பாட்டில்ல ஊத்தினப்புறமும் கொஞ்ச நாளைக்கு மூடியை இறுக்காத.

24ஆம் தேதிக்கு ரெண்டு வகை போதும். ஒண்ணு சுக்குக் காப்பி, பத்து கப்புக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, சுக்குப் பொடி ரெண்டு டீஸ்பூன், தனியா ரெண்டு டேபிள்ஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன் ரெண்டையும் இடிச்சுக்கோ, ஏலக்காய் நாலு, பத்து நிமிசம் கொதிக்க விட்டு கருப்பட்டி சேர்த்து வடிகட்டு. கருப்பட்டி கிடைக்கலன்னா அடர்ந்த நிறத்துல இருக்கற பிரவுன் சுகர் போடு. பால் ஊத்தறதா இருந்தா அடுப்பை அணைச்சுட்டு ஊத்து, இல்லன்னா திரிஞ்சிடும். மாசமா இருக்கறவங்களுக்கு வேற பாத்திரத்துல, சுக்கும் மிளகும் பேருக்குப் போட்டு லேசா வச்சுடு.

இன்னொண்ணு, ரெண்டு லிட்டர் கருப்பு திராட்சை ஜூஸ்ல ரெண்டு பட்டை, பத்து கிராம்பு, ஏலக்காய் ஆறு, வெள்ளைப் பகுதி இல்லாம சீவுன ஆரஞ்சுத் தோல் போட்டு இருவது நிமிசம் சிறு தீயில வை. கப்புல ரெண்டு உலர் திராட்சை, தோலுரிச்ச பாதாம் போட்டு அது மேல ஊத்து. அங்க கிறிஸ்துமஸுக்கு குடிக்கற க்ளொக்ங்கற சூடான மசாலா ஒயினை அப்படித்தான் குடிப்பாங்க, வர்றவங்கள்ல ஸ்வீடன்காரங்க இருந்தா சந்தோசப்படுவாங்க. பெரியவங்களுக்கு ஒயின் கலந்து வேணும்னா நாளைக்கே வாங்கிடு, அங்க ஒயின் விக்கற அரசாங்கக் கடை சிஸ்டம்போலாகெட் 24, 25, 26 மூணு நாளும் திறக்காது.

குன்னூர்ப் பொண்ணு:
சுக்குப் பொடி இருக்கு, தனியா இருக்கு, ஜூஸ் காலைல வாங்கிக்கறேன். கிண்டறதுக்கு எவர்சில்வர் கரண்டி பரவால்லியாக்கா?

லவ்டேல் அக்கா:
பரவால்ல, வெந்நீர் ஊத்தி ஈரமில்லாம துடைச்சுட்டு கிண்டு. அலுமினியம் மட்டும் வேண்டாம். அம்மாவுக்கு இப்பவே ஒரு போன் போடு, துணி கட்டிட்டேன்னு சொல்லலாம்ல.