புதுப்பிப்பு: பாலக்கோடு தோட்டத்துக்குச் சொட்டுநீர் மானியம்

நிலம் அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லார் பெயரிலும் சேர்ந்திருந்த கூட்டுப் பட்டாவால் எங்கள் சொட்டுநீர் மானிய மனு நின்றுபோனதாக முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேலை முடிந்தது, தக்காளிக்குச் சொட்டுநீரில்தான் பாய்ச்சுகிறோம்.

பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒப்புக்கொள்ள, அப்பா பங்கைத் தனியாகப் பிரிக்க உட்பிரிவுக்கு மனு போட்டு, சர்வேயர் அளந்து, அப்பா பெயரில் தனிப் பட்டா வந்தது. இழுத்தடிப்பு முழுக்க அங்கேதான். அளக்க ஆள் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பட்டா வந்ததும் சிறு, குறு விவசாயி சான்று வாங்கினோம். அதை விட்டுவிடாதீர்கள்: சான்று இருந்தால் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 தான்.

மானியப் பணம் நம் கைக்கு வராது, குழாய் போடும் கம்பெனிக்குப் போகும். ஆய்வுக்கு வந்தவர்கள் அப்பாவை வால்வு பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். மனுஷன் அதற்கென்றே வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்!

மத்திய அரசு விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பிஎம் கிசானும் இதுவும் ஒன்றா என்று கேட்டவருக்கு: இல்லை. அது வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வங்கிக் கணக்கிலேயே ஏறும்.

அப்புறம், ஃபில்டரை அடிக்கடி கழுவுங்கள். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், இப்போதே சில துளைகள் அடைக்க ஆரம்பித்துவிட்டன.