பஞ்ச் மெஷின் பக்கத்தில் ஒட்டிய நோட்டீஸ்

இன்டர்னல் கம்யூனிகேஷன், அதாவது கம்பெனிக்குள் ஊழியர்களுக்குத் தகவல் சொல்லும் வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

கல்யாணமாகி மொரீஷியஸ் ரோஸ்ஹில்லுக்கு வந்தபோது இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. ஒரு ஆயத்த ஆடை ஃபேக்டரியின் எச்.ஆர். பிரிவில் கிளார்க்காகச் சேர்ந்தேன். இங்கிலீஷ் நன்றாக எழுதுவேன் என்பதால் சர்க்குலர் எல்லாம் என் மேஜைக்கு வந்தது.

ஓவர்டைம் முடிந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸின் நேரம் மாறியது. இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி, வருகை பதியும் பஞ்ச் மெஷின் பக்கத்தில் ஒட்டினேன். மறுநாள் இரவு பத்துப் பதினைந்து பேர் பஸ்ஸைத் தவறவிட்டு கேட்டில் நின்றார்கள். அதில் ஒரு அக்கா, தையல் லைனில் இருப்பவர், இங்கேயே பிறந்த தமிழ்க் குடும்பம். என் கையைப் பிடித்து நோட்டீஸ் முன்னால் நிறுத்தினார். முதல் வரியில் விரலை வைத்து, "கி சா பாப்பியே-லா பே திர்?" என்றார். இந்தக் காகிதம் என்ன சொல்லுது? பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில், தட்டுத்தடுமாறி இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். "இதை நேத்தே இப்படிச் சொல்லியிருக்கலாமே, மிஸ்" என்றார். கோபமே இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

இங்கே ஆபீஸ் கடிதம் இங்கிலீஷ், வாசிக்கும் பேப்பர் பிரெஞ்சு, வாய் பேசுவது கிரியோல். கிரியோலை மேலே போட்டு இங்கிலீஷைக் கீழே போடலாம் என்றேன். மேனேஜர் தயங்கினார். எந்த மொழி மேலே, எது கீழே என்பது இந்த ஊரில் சின்ன விஷயமில்லை. 1998-ல் புது ரூபாய் நோட்டில் தமிழை இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறக்கியதற்கு எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.

ஒருவழியாக அச்சடித்தோம். அப்புறம்தான் தெரிந்தது, பெரியவர்களுக்கு எழுத்தில் கிரியோல் படித்துப் பழக்கமில்லை. பள்ளியில் அது விருப்பப் பாடமாக வந்ததே 2012-ல்தான். பங்களாதேஷிலிருந்து வந்த பெண்களுக்கோ கிரியோலும் புரியாது. குரல் மெசேஜ் யோசனை அப்போதுதான் வந்தது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் தள்ளிப்போட்டோம்.

2024 ஜனவரி 15. பொங்கல் நாள். பெலால் புயல். இங்கே புயல் எச்சரிக்கைக்கு நான்கு படிகள்; காலையில் இரண்டாம் எச்சரிக்கைதான் என்பதால் எல்லோரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். வெள்ளம் தலைநகர் போர்ட் லூயிஸில் கார்களை அடித்துக்கொண்டு போனது. எச்சரிக்கை மூன்றானதும் 'வீட்டுக்குப் போகலாம்' என்று ஈமெயில் அனுப்பினோம். தையல் ஹாலில் யாரிடம் ஈமெயில் இருக்கிறது? மழை இரைச்சலுக்கு மேல் நானே லைன் லைனாக ஓடிக் கத்தினேன். வங்காளம் தெரிந்த ஒரு பெண் பின்னாலேயே வந்து ஒவ்வொரு லைனிலும் திருப்பிச் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரமே லைன் சூப்பர்வைசர்களின் போன் சங்கிலி, வாட்ஸ்அப்பில் கிரியோல், வங்காளம் இரண்டிலும் அரை நிமிடக் குரல் மெசேஜ் எல்லாம் தயாரானது. வங்காளம் அந்தப் பெண்ணின் குரல்தான். இந்தப் பொறுப்பும் பதவியும் எனக்கு வந்தது அதன் பிறகுதான். என் கிரியோலை அனுப்புவதற்கு முன் அந்த அக்காவிடம் போட்டுக் காட்டுகிறேன். போன வாரம்கூட ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னார்.