சர்க்கரை உள்ள எல்லோருக்கும் தைராய்டு டெஸ்ட் வேண்டுமா?

மலர்விழி:
அப்பாவுக்குப் பல வருடமாக டைப் 2 சர்க்கரை. சாப்பாடும் மாத்திரையும் மாறவில்லை, ஆனால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்) ஏறிக்கொண்டே போனது, கெட்ட கொலஸ்ட்ராலும் கூடவே ஏறியது. மருந்தைத்தான் கூட்டினார்கள். வேறொரு டாக்டர் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) பார்க்கச் சொன்னார், 18 வந்தது, ரொம்ப அதிகம். தைராய்டு சுரப்பு குறைந்தால் புது சிவப்பணுக்கள் உருவாவது மந்தமாகும். பழைய அணுக்களே அதிகம் இருப்பதால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். டைப் 2 உள்ள எல்லோருக்கும் வருடம் ஒருமுறை டிஎஸ்ஹெச் பார்த்தே ஆக வேண்டும் என்பேன்.

கொள்ளிடம் செல்வம்:
மலர்விழி அக்கா, அப்பாவுக்குப் பார்த்தது ரொம்பச் சரி. அவருக்குக் காரணம் இருந்தது. எல்லோருக்கும் எதற்கு? டைப் 1-இல் உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குகிறது, தைராய்டையும் தாக்கலாம். அதனால் நோய் தெரிந்த கையோடு பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். டைப் 2-க்கு அப்படிப் பொது விதி கிடையாது. டிஎஸ்ஹெச் 5, 6 என்று கொஞ்சம் கூடி வந்து, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியாக இருப்பவருக்கும் மாத்திரை எழுதிவிடுகிறார்கள். 2017-இல் வந்த டிரஸ்ட் ஆய்வில், 65 வயதைத் தாண்டிய இப்படிப்பட்ட 737 பேரில் ஒரு பாதிக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சோர்வு ஒன்றும் குறையவில்லை.

மலர்விழி:
தம்பி, டெஸ்ட் வேறு, மாத்திரை வேறு. தப்பாக எழுதுவார்கள் என்பதற்காகத் தெரியாமலே இருப்பதா? 2013-இல் வெளியான எட்டு இந்திய நகரங்களின் ஆய்வில், பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குச் சுரப்புக் குறைவு.

கொள்ளிடம் செல்வம்:
அந்த 11 சதவீதத்தில் ஏழரை சதவீதம், அதாவது மூன்றில் இரண்டு பங்குப் பேர், ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தவர்கள், அக்கா.

மலர்விழி:
மீதிப் பேருக்குத் தெரியாதே! அவர்களில் ஒருவர் இன்சுலின் போடுகிறார் என்று வையுங்கள். சுரப்பு குறைந்தால் இன்சுலின் உடம்பைவிட்டுப் போகத் தாமதமாகும், லோ சுகர் வரும். சுரப்பு கூடினால் கல்லீரல் குளுக்கோஸை அள்ளி விடும், வழக்கமான மருந்துக்குச் சர்க்கரை எளிதில் இறங்காது.

லேப் ராணி:
நான் லேப்பில் வேலை செய்கிறேன். கால் எரிச்சலுக்குச் சர்க்கரைக்காரர்கள் எடுக்கும் சில வைட்டமின் மாத்திரைகளில் பயோட்டின் என்ற பி வைட்டமின் இருக்கிறது. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. பயோட்டின் அளவு அதிகமாக இருந்தால், சில மெஷின்களில் டிஎஸ்ஹெச் குறைந்து காட்டும். உண்மையில் 9 இருப்பவருக்கு நார்மல் என்று ரிப்போர்ட் போய்விடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் அதை நிறுத்தி வாருங்கள். கடும் காய்ச்சலிலோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதோ, அவசரம் இல்லையென்றால் இந்த டெஸ்ட் வேண்டாம், எண் தடுமாறும்.

கொள்ளிடம் செல்வம்:
ராணி அக்கா சொன்னது முக்கியம். ஐம்பதைத் தாண்டிய பெண்கள், கொலஸ்ட்ரால் கூடியவர்கள், கழுத்தில் வீக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் தைராய்டு உள்ளவர்கள், வீட்டு மீட்டரும் ஹெச்பிஏ1சியும் ஒத்துப்போகாதவர்கள் எல்லாரும் பார்க்கட்டும்.

மலர்விழி:
இத்தனை பேரையும் சேர்த்தால் எங்கள் தெருவில் சர்க்கரை உள்ளவர்களில் யார்தான் மிச்சம்?

கொள்ளிடம் செல்வம்:
நாற்பது வயதில், வேறு எந்தத் தொந்தரவும் இல்லாதவர் மிச்சம். அவருக்கு 5.4 வந்தால் அன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேப்பில், டி4-உம் சேர்த்து மறுபடி பார்க்க வேண்டும். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும்.