இறால் தீவனத்தில் கலக்கும் ‘புரோபயாடிக்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களே, இறால் வளர்ப்போருக்கான கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. இறாலுக்கு நன்மை செய்யவென்று தீவனத்தில் கலக்கும் பேசில்லஸ், லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியா வகைகளுக்கு ஒரு பொதுச்சொல் வேண்டும். வெறுமே ‘நுண்ணுயிரி’ என்றால் நோய் தரும் விப்ரியோவும் அதில் அடங்கிவிடுகிறது.

---

நன்மை + நுண்ணுயிரி = நன்னுண்ணுயிரி. ‘நன்னூல்’ புணர்ந்தது போலத்தான். வேறென்ன வேண்டும்?

---

ஐயா, ன்னு, ண்ணு என்று அடுத்தடுத்து வந்தால் குளக்கரையில் யார் வாயிலும் நுழையாது. ‘நன்னுயிரி’ போதுமே.

---

நன்னுயிரி பிழை. வருமொழி முதலில் உயிர் வந்தால் நல்லறம், நல்லெண்ணம் என்றுதான் ஆகும். ஆகவே நல்லுயிரி.

---

என் பரிந்துரை ‘ஊட்டுயிரி’. வினைத்தொகை, ஊட்டிய, ஊட்டுகின்ற, ஊட்டும் உயிரி.

---

அம்மா, குளத்து நீரில் நேரடியாக விடும் வகையும் உண்டு. அடியில் தேங்கும் கழிவைச் சிதைக்கத்தான் அதை விடுகிறார்கள், இறாலுக்கு ஊட்டுவதில்லை. அதையும் புரோபயாடிக் என்றுதானே விற்கிறார்கள்?

எனக்கு முக்கியம் ‘உயிர்’ என்ற பகுதி. புரோபயாடிக்குக்கு 1989-இல் ஆய்வாளர் ஃபுல்லர் தந்த வரையறையும், 2001-இல் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தந்ததும் ‘உயிருள்ள’ என்றே தொடங்குகின்றன. இது மருந்துத்தூள் இல்லை என்று பெயரே சொல்ல வேண்டும். எதிருயிரி (ஆன்டிபயாடிக்) மருந்தோடு சேர்த்துக் கலந்தால் செத்துப்போகலாம். பேசில்லஸ் அகவித்தாக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலையில், இருப்பதால் தீவன ஆலையின் சூட்டை ஓரளவு தாங்கும். லாக்டோபேசில்லஸ் தாங்காது, ஆறிய தீவனத்தின் மேல் எண்ணெயோடு பூச வேண்டும். ‘புரோபயாடிக்’ என்ற ஒலியில் இதெல்லாம் தெரிகிறதா?

---

சொல்லைத் திருத்தும்போது இறாலையும் திருத்துங்கள். சங்கப்பாட்டில் அது இறவு. நற்றிணை 19 தாழையின் சொரசொரப்பான அடிமரத்தை இறவின் முதுகுக்கு ஒப்பிடுகிறது. ‘இறவுத் தீவனம்’ எவ்வளவு அழகு!

---

அழகுதான் ஐயா. ஆனால் பண்ணையில் எல்லோரும் இறால் என்கிறார்கள், புரோபயாடிக் என்கிறார்கள். மூட்டையிலும் அதுதான் அச்சாகியிருக்கிறது. கடைக்காரரிடம் போய் நல்லுயிரி கேட்டால் எதைத் தருவார்?

---

பெரும்பாலோர் ஒப்பியபடி ‘நல்லுயிரி’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் புரோபயாடிக் வரும். நீரில் விடுவது நீர் நல்லுயிரி, தீவனத்தில் கலப்பது குடல் நல்லுயிரி.

---

உடன்பாடில்லை. ‘நுண்’ போய்விட்டால் மண்புழுவும் நல்லுயிரிதான். அடுத்த பக்கத்தில் ப்ரீபயாடிக் வருகிறதே, இனுலின் என்ற நார்ச்சத்து? அதற்கு உயிரே கிடையாது. அது அந்த நுண்ணுயிர்களுக்கு இரை. அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?